பிடிக்கிற கை

காலை பதினொன்றே கால் மணிக்கும் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே யாரோ தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்காரன் குனிந்து பார்த்தான். ஈரத்துணியும் இரண்டு பாதங்களும் தெரிந்தன.

"கடை திறந்தாச்சா?"

"திறந்தாச்சுண்ணே. தரை காயட்டும். இப்ப வந்தா உங்க கால்தடத்தயும் நான்தான் துடைக்கணும்."

அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் துணிப்பைக்குள் விட்டிருந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அந்தக் கை பைக்குள்தான் இருந்தது.

"நீ வீட்லயே இருந்திருக்கலாம்," என்றான்.

"வந்துட்டேன்ல."

"வெயில்ல நிக்கணும்."

"நிக்கிறேன்."

கருவிக் கடைக்கு அவள் இதுவரை வந்ததில்லை. ரம்பமோ உளியோ வாங்க அவன் தனியாகப் போவான். தாளில் சுற்றிக் கொண்டுவருவான். என்ன வாங்கினான் என்று அவள் கேட்டதில்லை. இன்று அவன் செருப்பு மாட்டும்போது அவளும் மாட்டினாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தான்.

தெருவில் அவனுக்குப் பெட்டிக்காரன் என்றும் அவளுக்குத் தையல்காரி என்றும் பெயர். அவள் ஜன்னல் திரையும் தலையணை உறையும் தைப்பாள். அவன் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் தேனீப் பெட்டி செய்வான். பெட்டி பெரிய வேலை இல்லை. அதற்குள் வரிசையாகத் தொங்கும் சட்டங்கள்தான் வேலை. மேலே ஒரு கட்டை, பக்கத்துக்கு ஒன்று, கீழே ஒன்று. எல்லாம் மெல்லிசு. பசை தடவி, மூலையோடு மூலை சேர்த்து, சின்ன ஆணி அடிக்க வேண்டும். சட்டம் கொஞ்சம் கோணினாலும் தேனீ அந்த இடுக்கை மெழுகால் அடைத்துவிடும். பிறகு சட்டத்தை உருவ முடியாது. கோணாமல் இருக்க ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும்.

மதியம் சாப்பிட்டதும் அவள் தையல் மெஷினை மூடிவிட்டுக் கொட்டகைக்கு வருவாள். அவள் பிடிப்பாள், அவன் அடிப்பான். ஆணியை நிறுத்துவதும் அவள் விரல்தான். முதல் அடி விழுந்ததும் விரலை எடுப்பாள், இரண்டாவது அடியில் ஆணி உள்ளே போய்விடும். கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான். பேசிக்கொண்டே செய்வார்கள். சில நாள் சண்டை போட்டுக்கொண்டே செய்வார்கள். சுத்தி தவறியதில்லை.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மதியம் தவறியது. அவளுடைய இடது ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கியது. நகம் போய்விட்டது. உடைந்த எலும்பு ஒட்டிக்கொண்டது. நுனியில் உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை. இப்போதெல்லாம் தைக்கும்போது ஊசி ஏறினால் துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிகிறது.

அன்று பேச்சு அவனுடைய பழைய வேலையைப் பற்றியது. நாற்காலித் தொழிற்சாலையில் தான் இருந்த பிரிவை மூடிவிட்டார்கள் என்றுதான் அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். பிரிவை யாரும் மூடவில்லை. சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்ததற்காக அவனை அனுப்பிவிட்டார்கள். இதை அவள் தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாய் என்று அவன் கேட்டான்.

"உங்க கோபம் உங்க வேலையத் தின்னுச்சு. அதச் சொன்னா என்ன?" என்றாள். சொல்லிக்கொண்டே ஆணியை நிறுத்தினாள். அடுத்த அடி விரலில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "சுத்தி வழுக்கிடுச்சு" என்றான். அன்று மாலை தன் தங்கையிடம், "ஆணி வளஞ்சுடுச்சு" என்றான். கட்டுப் பிரித்த நாளில் அவளிடமே, "நீ கைய அசைச்சுட்ட" என்றான்.

மூன்றையும் அவள் கேட்டாள். எதையும் மறுக்கவில்லை. கை அசையவில்லை என்று அவளுக்குத் தெரியும். மற்ற இரண்டும் தெரியாது. அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்குப் போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. அவனிடம் பெட்டி வாங்கும் தேன்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார். பூக்கிற காலம் வருகிறது, சட்டம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அவன் சொன்னான்:

"பேட்டரி நெயில் கன் ஒண்ணு வாங்கிடலாம். வயர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆணிய நீ நிறுத்த வேணாம். சட்டத்தப் பிடிச்சா போதும்."

பிடித்தால் போதும். அதை அவள் சோற்றோடு சேர்த்து மென்றாள். அடிக்கிற அவன் கைக்கு முன்னால் தன் கையை மறுபடியும் வைக்கலாமா? அது தெரியாமல் அவளால் கொட்டகைக்குள் கால் வைக்க முடியாது. அதற்காகத்தான் இன்று செருப்பு மாட்டினாள்.

ஷட்டர் முழுதாக ஏறியது. கடைக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். கை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. என்ன பாக்கணும்?"

"நெயில் கன். பேட்டரில ஓடுறது."

"நல்ல முடிவு. சுத்தியெல்லாம் இனிமே பூட்டு உடைக்கத்தான். எதுக்குண்ணே, கதவா, கப்போர்டா?"

"தேனீப் பெட்டி."

"தேனீயா? கொட்டாதா?"

"பெட்டி கொட்டாது."

கடைக்காரன் சிரித்தான். மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். அதன் வாலில் ஒரு குழாய் மாட்டும் இடம் இருந்தது.

"இது காத்துல ஓடுறது. கம்ப்ரசர் வேணும். இதான் இருக்கறதுலயே விலை கம்மி. ஆனா கம்ப்ரசர் போடுற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க உங்களோட பேச்ச நிறுத்திடுவாங்க."

"அது ஒரு வசதிதான்," என்றாள் தையல்காரி.

"வேணாம்," என்றான் பெட்டிக்காரன். "பேட்டரிதான்."

இரண்டு அட்டைப் பெட்டிகள் இறங்கின. ஒன்றில் பச்சை மெஷின், ஒன்றில் கறுப்பு. இரண்டும் மெல்லிய ஆணி அடிப்பவை. பலகை பிளக்காது என்றான் கடைக்காரன். பச்சையைப் பெட்டிக்காரன் கையில் எடுத்தான். எடை பார்த்தான். கைப்பிடிக்குக் கீழே பேட்டரி கனத்தது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் இளகியது. நல்ல கருவி கைக்கு வரும்போது அவனுக்கு அப்படி ஆகும்.

"பச்சைல என்ன விசேஷம்னா," என்று கடைக்காரன் ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினான், "ரெண்டு விதமா அடிக்கும். இப்படி வெச்சா ஒவ்வொண்ணா. தள்ளி வெச்சா, விசைய அழுத்திப் பிடிச்சுட்டே மூக்க அங்கங்க தொட்டுட்டுப் போகலாம். தொட்ட இடமெல்லாம் ஆணி. டக்கு டக்குன்னு போயிட்டே இருக்கும்."

"கறுப்பு?"

"கறுப்பு ஒவ்வொண்ணாத்தான். மூக்க மரத்துல வெச்சு அழுத்தணும், அப்புறம் விசை. அடுத்த ஆணிக்கு மறுபடி முதல்லேர்ந்து. கொஞ்சம் மெதுவு."

"அப்ப பச்சை," என்றான் பெட்டிக்காரன். "வேலை குவிஞ்சு கெடக்கு."

"தம்பி," என்றாள் அவள். "பச்சைல தெரியாம விழுமா?"

கடைக்காரன் அவள் பக்கம் திரும்பினான். "என்னக்கா?"

"ஆணி. நாம அடிக்காம, அதுவா விழுமா?"

"ஒவ்வொண்ணா வெச்சா விழாது. தொட்டுத் தொட்டு அடிக்கறதுல வெச்சா கவனமா இருக்கணும். விரல் விசைலயே இருக்கும்ல? மூக்கு எதுல பட்டாலும் அடிச்சிடும். என் மச்சான் ஸ்டூல்ல உக்காந்து வேலை பாத்துட்டு, இத மடில வெச்சுட்டான். பேண்ட்டயும் ஸ்டூலயும் சேத்து அடிச்சிடுச்சு. எழுந்திரிக்கறப்பதான் தெரிஞ்சுது. ஸ்டூலோட நடந்து வந்தான்."

பெட்டிக்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப பச்சைல அடிச்சுட்டு, தெரியாம பட்டுடுச்சுன்னு சொல்லலாம்."

"சொல்லலாம். அதானே நடக்குது."

"கறுப்புல?"

"கறுப்புல சான்ஸே இல்லக்கா. விசைய முன்னாடியே பிடிச்சிருந்தா மூக்க அழுத்தினாலும் வேலை செய்யாது. ரெண்டும் வரிசையா நடந்தாத்தான் அடிக்கும்."

"மூக்கு. அப்புறம் விரல்."

"ஆமா."

"அதுல ஒருத்தர் அடிச்சா, அடிக்கணும்னு நெனச்சுத்தான் அடிச்சிருக்கணும்."

"பின்ன? மெஷின் பேர்ல பழி போட முடியாது," என்றான் கடைக்காரன். சொல்லிவிட்டு இரண்டு பேரையும் பார்த்தான். பெட்டிக்காரன் பச்சை மெஷினின் பொத்தானை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தான்.

"மெஷின்னா எல்லாம் தவறும்," என்றான். தலை நிமிரவில்லை. "மரத்துல கணு இருந்தா? ஆணி திரும்பாதா?"

"அது உண்டுண்ணே. உள்ள கணு இருந்தா ஆணி வளஞ்சு பக்கவாட்டுல வெளிய வந்துடும். அதான் பிடிக்கிற கை நாலு விரல் தள்ளியே இருக்கணும்."

"கேட்டுக்க," என்றான் மனைவியிடம்.

"கேட்டேன். அது மரம் பண்றது. நான் கேட்டது வேற."

கடைக்காரன் ஒரு பலகைத் துண்டைக் கல்லாவின் மேல் வைத்தான். கறுப்பு மெஷினில் ஆணிப் பட்டையைச் சொருகிக் காட்டினான். மூக்கைப் பலகையில் அழுத்தி, பிறகு விசையை அழுத்தினான். சத்தம் சுருக்கமாக இருந்தது. ஆணி போன இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. பெட்டிக்காரன் அதைக் கட்டைவிரலால் தடவினான். ஆணித் தலை மேலே துருத்தி நிற்கவில்லை.

"நானும் ஒண்ணு அடிச்சுப் பாக்கலாமா?" என்றாள் அவள்.

"உனக்கு எதுக்கு?" என்றான் பெட்டிக்காரன்.

"பாக்கத்தான்."

பைக்குள்ளிருந்து இடது கையை எடுத்தாள். பலகையைப் பிடிக்க அது வேண்டியிருந்தது. கடைக்காரன் விரலைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா ஆச்சு விரல்ல?"

"சுத்தி," என்றான் பெட்டிக்காரன்.

"அவரையே கேளுங்க தம்பி," என்றாள். "ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு சொல்லுவாரு. கேக்க நல்லா இருக்கும்."

கடைக்காரன் கேட்கவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்துக் கல்லாவைத் துடைத்தான். அவள் மெஷினின் மூக்கைப் பலகையில் அழுத்தினாள். ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு விசையை அழுத்தினாள். கை அதிரவில்லை. ஆணி நேராகப் போயிருந்தது.

"அண்ணன விட நேரா இருக்கு," என்றான் கடைக்காரன்.

"நான் இன்னும் அடிக்கவே இல்ல," என்றான் பெட்டிக்காரன்.

கறுப்பைத்தான் கட்டச் சொன்னாள். பெட்டிக்காரன் ஒருமுறை பச்சையைப் பார்த்தான். "மெதுவா அடிக்கறத வெச்சு நான் எப்பக் கொடுத்து முடிக்கறது?" என்றான். "பிடிக்கிற எனக்கு மெதுவா அடிச்சாத்தான் சரி," என்றாள். கடைக்காரன் முன்னால் அதற்கு மேல் அவன் பேசவில்லை. தாடை மட்டும் அசைந்தது. அந்தத் தாடையை அவளுக்குத் தெரியும். தொழிற்சாலையிலிருந்து திரும்பி வந்த அன்றும் அது இப்படித்தான் அசைந்தது.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. மெஷின் பெட்டியை அவன் மடியில் வைத்துக்கொண்டான். ஜன்னல் வழியாக அடித்த காற்றில் ஈரம் இருந்தது. மறுபடி மழை வரும்போல இருந்தது. மழை வந்தால் பலகை உப்பும், பசை காயாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். வேறு நாளாக இருந்தால் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

"அவன்கிட்ட எதுக்கு அப்படிக் கேட்ட?" என்றான்.

"எப்படி?"

"தெரியாம விழுமா, தெரிஞ்சு விழுமான்னு."

"பிடிக்கப் போறவ நான்தானே. கேக்க வேணாமா?"

"என்னவோ நான்..." என்று ஆரம்பித்தான். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுங்க. என்னவோ நீங்க?"

"ஒண்ணுமில்ல."

"சொல்ல வந்தீங்களே."

"ஒண்ணுமில்லன்னா விடு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின் அவன் மறுபடி கேட்டான்.

"நீ எதுக்கு அத அடிச்சுப் பாத்த?"

"எவ்வளவு கனம்னு பாத்தேன்."

"கனம் தெரிய எடுத்தாப் போதும். அடிக்கணும்னு இல்ல."

அவன் பெட்டியை மடியில் இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

வீட்டில் அவன் தங்கை சமைத்து முடித்திருந்தாள். பின்னறையில் இருப்பவள். காலையும் மாலையும் பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள், மதியம் வீட்டில் இருப்பாள். பிள்ளைகளிடம் கத்திக் கத்தி அவள் குரல் எப்போதும் ஒரு படி மேலேதான் இருக்கும். அட்டைப் பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, விரல் நுனி போனதுக்கு வீட்டுக்குத் துப்பாக்கி வந்திருக்கு. முழுக் கையும் போயிருந்தா பீரங்கி வந்திருக்கும்."

"உனக்கு வேணும்னா நீ பிடி. அடுத்தது பீரங்கி வாங்கிக்கலாம்," என்றாள் தையல்காரி.

"ஐயோ, எனக்கு வேணாம்மா. நான் விரலால விசில் அடிச்சுப் பொழைக்கிறவ."

சாப்பாடு போட்டாள். சோறு, கீரை, முட்டை. தையல்காரி இடது கையால் தட்டை நகர்த்தினாள். சூடு பட்டிருக்க வேண்டும், அவள் கையை எடுக்கவில்லை. நாத்தனார்தான் பார்த்துத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணி, சொன்னா தப்பா நெனைக்காத. அண்ணன் அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல தெரியுமா? நீ மாத்திரை போட்டுத் தூங்கிட்ட. அந்த ஆணியக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பாரு, வளஞ்சிருக்கு, பாரு, வளஞ்சிருக்குன்னு என்கிட்ட காட்டிக்கிட்டே இருந்துச்சு."

தையல்காரி பிசைவதை நிறுத்தினாள். "வளஞ்சுதான் இருந்துச்சா?"

"நான் பாத்தேனே. வளஞ்சுதான் இருந்துச்சு."

"விரல்ல விழுந்த அடில ஆணியும் வளையும்ல."

நாத்தனார் யோசித்தாள். "அதுவும் வளையும்தான்," என்றாள். அண்ணனைப் பார்த்தாள். "முன்னாடி வளஞ்சுதா, பின்னாடி வளஞ்சுதா அண்ணா?"

"முட்டைய எடு," என்றான் பெட்டிக்காரன்.

"கேக்கறேன்ல."

"உன் பஸ்ஸுக்கு நேரமாகல?"

"இன்னும் நேரம் இருக்கு."

"இருந்தா பாத்திரத்தக் கழுவு."

"நல்லா இருக்கு நியாயம். உனக்குப் பரிஞ்சு பேசினவளுக்குப் பாத்திரமா?" அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இவ்வளவு நாள் ஒரு பேச்சு இல்லாம இருக்கீங்களே, வீடு நல்லா இருக்கட்டும்னுதான் சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திருடனப் பாக்கற மாதிரி பாத்துக்கறீங்க. எனக்கென்ன."

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். அவன் தன் தட்டைத் தானே எடுத்துப் போனான். அது வழக்கம் இல்லை.

கொட்டகையில் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை அவன் பலகையைப் பிரித்தான். மழையில் உப்பியவற்றை ஒதுக்கினான். மிச்சத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து இழைத்தான். இழைப்பிலிருந்து சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. கணு இருந்த கட்டைகளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து மூலையில் எறிந்தான். அந்தச் சத்தமெல்லாம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கேட்டது. மெஷினின் மூடியை அவள் இன்னும் திறக்கவில்லை.

பிறகு புதுச் சத்தம் கேட்டது. சுருக்கமாக ஒன்று. இடைவெளி விட்டு இன்னொன்று. கழிவுக் கட்டையில் அடித்துப் பார்க்கிறான். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கை பழகிவிட்டது.

"வா," என்று அங்கிருந்து குரல் கொடுத்தான். "பசை தடவிட்டேன்."

அவள் வாசல் வரை வந்து நின்றாள். அதற்கு மேல் வரவில்லை. கொட்டகையில் பழைய வாசனையே இருந்தது, பசையும் மரத்தூளும் சூடேறிய தகரமும். மேசை மேல் ஒரு சட்டம் நான்கு துண்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. மூலைகளில் பசை பிதுங்கியிருந்தது. பக்கத்தில் கறுப்பு மெஷின். சுத்தியை எங்கும் காணவில்லை. அவள் வருவதற்கு முன்னால் எடுத்து எங்கோ வைத்திருக்கிறான்.

"பாரு, எவ்வளவு சுத்தமா போகுது," என்று கழிவுக் கட்டையைக் காட்டினான். ஆணிப் புள்ளிகள் ஒரே கோட்டில் இருந்தன. "நீ சும்மா பிடிச்சா போதும். விரல் கிட்டக்கூட வராது. வா."

"குறி தவறல உங்களுக்கு," என்றாள்.

"என்னிக்குத் தவறுச்சு?" என்றான். வாய் தவறி வந்த பெருமை. சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. கழிவுக் கட்டையைக் கீழே வைத்தான்.

அவள் உள்ளே வந்தாள். மேசையைச் சுற்றி வந்து அவன் வழக்கமாக நிற்கும் பக்கத்தில் நின்றாள். மெஷினைக் கையில் எடுத்தாள்.

"நீங்க பிடிங்க. நான் அடிக்கிறேன்."

"நீயா?"

"கடையில அடிச்சேனே. நேரா போச்சுன்னு அந்தத் தம்பியே சொன்னாரு."

"அவன் விக்கிறவன். அப்படித்தான் சொல்லுவான்."

"பசை காயுது. பிடிங்க."

"இது என்ன புதுப் பழக்கம்? எனக்குப் பிடிச்சுப் பழக்கமில்ல."

"எனக்கும்தான் கல்யாணத்துக்கு முன்னாடி பழக்கமில்ல. வந்துடும்."

அவன் வாசலைப் பார்த்தான். தங்கை பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள். அவன் மேசையின் அந்தப் பக்கம் போனான். அவள் எப்போதும் நிற்கும் இடம், தரையில் அங்கே மட்டும் சிமெண்ட் வழவழப்பாக இருந்தது. சட்டத்தின் மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தான்.

"அப்படி வெச்சா மூலை விலகிடும். கட்டைவிரல் மேல. ஆள்காட்டி விரல் பக்கத்துல, கட்டைய ஒட்டி. ஆமா. இப்ப இந்தப் பக்கம் தள்ளுங்க."

அவன் விரல்கள் தடித்தவை. சரியாக வந்து உட்காரக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் தன் நான்கு விரல்களை மூலைக்கும் அவன் விரலுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். இடம் இருந்தது.

மெஷினை மூலைக்குக் கொண்டுவந்தாள். மூக்கு மரத்தைத் தொட்டது. அவன் கை நகர்ந்தது. சட்டம் கோணியது.

"அசைச்சுட்டீங்க," என்றாள்.

"கணு இருக்கப் போகுது அதுல."

அவள் மெஷினைக் கீழே வைத்தாள். பசை ஒட்டியிருந்த கட்டையைப் பிரித்து எடுத்து, வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு பக்கம். மறு பக்கம். வெள்ளையாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. இழைத்த பளபளப்பு இன்னும் போகவில்லை.

"நீங்க பொறுக்கி எடுத்த கட்டை."

"சரி, வை."

மறுபடி மூலையோடு மூலை சேர்த்தாள். அவன் பிடித்தான். அவள் குனிந்தாள். மூக்கை வைத்தாள், இன்னும் அழுத்தவில்லை. விசையிலிருந்து விரலை வெளியே நீட்டி, அவன் பார்க்கும்படி வைத்திருந்தாள். அவன் கண் அந்த விரல் மேலேயே இருந்தது. மேல் உதட்டில் வேர்வை துளிர்த்திருந்தது. தகரத்தின் மேல் ஒரு துளி விழுந்தது, பிறகு நாலைந்து. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் மெஷினின் மூக்கை மரத்தில் அழுத்தினாள். அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சட்டம் மேசையில் சரிந்து நான்கு துண்டுகளாக விழுந்தது. அவள் விரல் விசையைத் தொடவே இல்லை.

அவன் இழுத்த கையை இன்னொரு கைக்குள் வைத்திருந்தான். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே அவள் தேடியது இருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலத்தான் கேட்டாள்.

"ஏங்க, நான் எதுக்கு வேணும்னே உங்க விரல்ல அடிக்கப் போறேன்?"